கால் நகம் மஞ்சளாகித் தடித்துவிட்டது: மாத்திரையா, பூச்சா, லேசரா?

காவிரிக்கரை_மகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 58. அவருடைய இரண்டு கால் கட்டைவிரல் நகங்களும் நுனியிலிருந்து மஞ்சளாகத் தொடங்கி, இப்போது பாதிக்கு மேல் தடித்து, அடியில் மாவு போன்ற பொடி சேர்ந்து, வெட்டப் போனால் உதிர்கின்றன. வலியில்லை. வலது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே மழைக்காலம்தோறும் சேற்றுப்புண் வந்து, வெள்ளையாக ஊறி, அரிக்கும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.

தெருமுனை மருந்துக் கடையில் கேட்டபோது மூன்று நான்கு மருந்துகள் கலந்த ஒரு களிம்பைக் கொடுத்தார்கள். அதைத் தடவினால் விரலிடுக்கின் அரிப்பு ஓரிரு நாளில் அடங்கிவிடுகிறது. நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகத் திரும்புகிறது. நகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பக்கத்து வீட்டு அத்தை மருதாணி அரைத்து வைக்கச் சொன்னதால் அதையும் வைத்துப் பார்த்தோம். அழகுச் சிகிச்சை நிலையம் ஒன்றில் விசாரித்தேன். நகத்தைப் பார்த்தவுடனேயே, எந்தப் பரிசோதனையும் இல்லாமல், ஆறு முறை லேசர் செய்தால் போய்விடும் என்று சொல்லி, முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டார்கள். அந்தத் தொகை எங்களுக்குச் சிறியதல்ல.

தை மாதத்தில் தங்கைக்குத் திருமணம் வைத்திருக்கிறோம். மணவறையில் வெறுங்காலோடு நிற்கும்போது பார்ப்பவர் கண்ணெல்லாம் காலில்தான் விழும் என்று அம்மா இப்போதிலிருந்தே கவலைப்படுகிறார். இது நகச்சொத்தைதானா, திருமணத்துக்கு முன் சரியாகுமா, லேசருக்குப் பணம் கட்டலாமா, அதுவரை நெயில் பாலிஷ் போட்டு மறைப்பதில் தவறு உண்டா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

தோல்_மருத்துவர் எழுதியது:

வணக்கம், சகோதரி. அரசு மருத்துவமனை ஒன்றின் தோல் நோய்ப் பிரிவில் பணிபுரிகிறேன். காலை நேரில் பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்வது முறையாகாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

நகம் தடித்து மஞ்சளானாலே பூஞ்சைத் தொற்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உருக்குலைந்த நகத்தோடு வருபவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே பூஞ்சை காரணமாக இருக்கிறது. மீதிப் பேரிடம் சொரியாசிஸ், இறுக்கமான செருப்பின் ஓயாத உரசல், பழைய அடி, காலுக்குப் போகும் இரத்த ஓட்டத்தின் குறைவு, வெறும் முதுமை என்று காரணங்கள் பலவாக இருக்கும். உங்கள் தாயாருக்கு நகம் நுனியிலிருந்து கெட்டிருப்பதும், அடியில் பொடி சேர்ந்திருப்பதும், அதே காலில் சேற்றுப்புண் திரும்பத் திரும்ப வருவதும் பூஞ்சையின் பக்கம்தான் கை காட்டுகின்றன. விரலிடுக்கில் குடியிருக்கும் பூஞ்சை அங்கிருந்து நகத்தின் அடிக்குள் நுழைவதே வழக்கமான பாதை. இருந்தாலும் மூன்று மாதம் மாத்திரை கொடுப்பதற்கு முன்பு பரிசோதித்தே ஆக வேண்டும். உதிரும் நுனியை வெட்டி எறிந்துவிட்டு, கெட்ட பகுதியும் நல்ல பகுதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகில், நகத்தின் அடியிலிருந்து சுரண்டி எடுத்த பொடியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நாங்கள் இதைச் சுருக்கமாகக் கே.ஓ.எச். சோதனை என்போம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் கேட்டால் இதைச் செய்துவிடலாம். பூஞ்சையின் வகையை அறிய வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பினால் முடிவு வர மூன்று, நான்கு வாரம் ஆகும்.

அந்தக் களிம்புக் குழாயை எடுத்து, அதில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு; இன்றே நிறுத்திவிடுங்கள். ஸ்டீராய்டு அழற்சியை அடக்குவதால் அரிப்பும் சிவப்பும் ஓரிரு நாளில் மறைகின்றன. பூஞ்சையை எதிர்த்துக்கொண்டிருந்த உடலின் காவலும் அதே வேகத்தில் அடங்கிப்போவதால், பூஞ்சை எந்தத் தடையும் இன்றிப் பரவுகிறது. தடவினால் அடங்குவதும் விட்டால் பன்மடங்காகத் திரும்புவதும் இதனால்தான். குளோபெட்டசால் ஸ்டீராய்டு களிம்புகளிலேயே மிக வலிமையான வகையைச் சேர்ந்தது. தொடைக்கும் விரலிடுக்குக்கும் மாதக்கணக்கில் தடவித் தோல் காகிதம்போல் மெலிந்து, வரிவரியாக வெடித்து வருபவர்களை வாரந்தோறும் பார்க்கிறோம். 2018ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை, மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஆனாலும், "படர்தாமரைக்கு ஒரு ட்யூப் கொடுங்கள்" என்று கேட்டால் இந்தக் கலவைக் களிம்புதான் இன்னும் பல கடைகளில் கைக்கு வருகிறது. படர்தாமரை பழைய மருந்துகளுக்கு மசியாத நிலை இந்தியாவில் பரவியதில் இத்தகைய களிம்புகளுக்குப் பங்கு உண்டு என்பதே தோல் மருத்துவர் பலரின் கருத்து, என்னுடையதும் அதுவே.

திருமணத்துக்கு முன் சரியாகுமா என்ற கேள்விக்கு நகத்தின் வளர்ச்சி வேகமே விடை. கால் கட்டைவிரல் நகம் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரைதான் வளரும். வேர்ப் பக்கத்திலிருந்து நுனி வரை புதிய நகம் வர 12 முதல் 18 மாதம் பிடிக்கும். வயதானவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். எந்த மருந்தும் கெட்டுப்போன நகத்தை மீண்டும் நல்ல நகமாக மாற்றுவதில்லை. பூஞ்சையைக் கொன்றுவிட்டு, புதிய நகம் அடியிலிருந்து தெளிவாக வளர்ந்துவர வழிவிடுவதே மருந்தின் வேலை. ஆகவே இன்று மாத்திரை தொடங்கினாலும் தை மாதத்தில் நகத்தின் வேர்ப் பக்கத்தில் மெல்லிய நல்ல பட்டை ஒன்று தெரியுமே தவிர, முழு நகமும் மாறியிருக்காது.

மாத்திரைகளில் டெர்பினாஃபின் முதல் தேர்வு: நாள்தோறும் 250 மில்லிகிராம், கால் நகத்துக்கு 12 வாரம், கை நகத்துக்கு 6 வாரம். மாத்திரை முடிந்த பிறகும் மருந்து பல மாதங்கள் நகத்திலேயே தங்கி வேலை செய்யும். அந்த மருந்தின் அமெரிக்க அனுமதிக் குறிப்பில் உள்ள ஆய்வுக் கணக்கின்படி, கால் நகத்துக்கு 12 வாரம் உட்கொண்டவர்களில் 70 விழுக்காட்டினருக்குப் பூஞ்சை அற்றுப்போனது. பூஞ்சையும் போய் நகமும் முற்றிலும் தெளிந்தவர்கள் 38 விழுக்காட்டினர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை. பூஞ்சை போன பின்னும் நகம் சற்றுத் தடித்தே இருந்துவிடலாம் என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

லேசரைப் பொறுத்தவரை, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அக்கருவிகளுக்கு அளித்த அனுமதியின் வாசகமே போதுமான விளக்கம்: தெளிவான நகப்பகுதி தற்காலிகமாக அதிகரிப்பதற்காக என்றுதான் அதில் இருக்கிறது, நோயைக் குணப்படுத்துவதற்காக என்று இல்லை. எனவே, பரிசோதனையே செய்யாமல் ஆறு முறைக்கும் முன்பணம் கேட்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

மருதாணியால் தீங்கில்லை, ஆனால் சாயம் நகத்தின் நிறத்தை மறைத்து, பார்க்கும் மருத்துவரைக் குழப்பிவிடும். பரிசோதனைக்கு முன் வேண்டாம்.

---

சிங்கை_வாசகர் எழுதியது:

மருத்துவர் சொல்வதை மறுக்கவில்லை. என் கணவரின் அனுபவம் சற்று வேறாக இருந்ததால் எழுதுகிறேன். அவருக்குக் கல்லீரல் தொல்லை இருந்ததால் மாத்திரை தர மருத்துவர் தயங்கினார். லேசர் செய்துகொண்டார், கூடவே அமோரோல்ஃபின் 5 விழுக்காடு நகப் பூச்சையும் வாரம் ஒரு முறை தடவினார். ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று, நகம் பெரும்பாலும் தெளிந்துவிட்டது. அது லேசரால் வந்ததா, பூச்சால் வந்ததா என்பதைப் பிரித்துச் சொல்ல எங்களால் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் பூசுவதற்கு முன் நகத்தின் மேற்பரப்பை அரத்தால் தேய்க்க வேண்டும். அந்த அரத்தை நல்ல நகங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று மருந்தகத்தில் கண்டிப்பாகச் சொன்னார்கள். பொறுமை இருப்பவர்களுக்கே இந்தப் பூச்சு ஏற்றது. ஓரிரு வாரம் மறந்துவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பியது போலிருக்கும்.

---

அழகுக்கலை_செல்வி எழுதியது:

தோழி, பார்லர் நடத்துபவள் என்ற முறையில் திருமண நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மருந்து என் துறையன்று.

நீரிழிவு உள்ளவர்கள் பெடிக்யூருக்கு வந்தால், குதிகாலில் பித்தவெடிப்பைச் சீவும் பிளேடை நான் கையில் எடுப்பதே இல்லை; நகக்கண்ணை ஒட்டிய மெல்லிய தோலை வெட்டுவதோ கோலால் தள்ளுவதோ கிடையாது. உணர்ச்சி குறைந்த காலில் கீறல் விழுந்தால் அவர்களுக்கே தெரியாது; அதுவே பிறகு ஆறாத புண்ணாகிவிடும். நீங்கள் எங்கே அழைத்துச் சென்றாலும், கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கருவியைச் சுடுநீரில் முக்கி எடுத்துத் துணியால் துடைப்பது சுத்தம் ஆகாது. ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) இல்லாத இடமென்றால், வீட்டிலிருந்தே தனி நகவெட்டியும் அரமும் கொண்டுபோய்விடுங்கள்.

தடித்த நகத்தின் தோற்றத்துக்கு அதன் கனத்தைக் குறைப்பதைவிடச் சிறந்த அலங்காரம் கிடையாது. அதை மருத்துவரிடமோ, பாதப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற செவிலியரிடமோ செய்துகொள்வது பாதுகாப்பானது. 40 விழுக்காடு யூரியா கலந்த களிம்பை மருத்துவர் எழுதித் தருவதுண்டு. நகத்தின் மேல் மட்டும் தடவி மூடி வைத்தால் சில நாளில் நகம் மெத்தென்றாகி, வலியின்றித் தேய்த்து எடுக்க வருகிறது. சுற்றியுள்ள தோலில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திருமணத்தன்று ஒரு நாள் மட்டும் பாலிஷ் போட்டு அன்றிரவே கழற்றிவிடுவதில் பெரிய கேடில்லை. வாரக்கணக்கில் மூடி வைப்பதும், ஒட்டு நகம், ஜெல் பூச்சு என்று இறங்குவதும் அடியில் ஈரத்தைத் தேக்கும். மருந்துப் பூச்சு தடவுபவராக இருந்தால் அதன்மேல் அழகுப் பூச்சு போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மெட்டி அணியும் விரலையும் குளித்தபின் மெட்டியைக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் ஈரம் தங்குவது பலருடைய கண்ணுக்குத் தெரிவதில்லை.

---

காவிரிக்கரை_மகள் எழுதியது:

மூவருக்கும் நன்றி. களிம்புக் குழாயைப் பார்த்தேன். குளோபெட்டசால் என்றே இருக்கிறது. நிறுத்திவிட்டோம். மருத்துவமனைக்கு வியாழக்கிழமை போகிறோம்.

இதற்கிடையில், உறவினர் ஒருவர் வாரம் ஒன்று வீதம் புளூகோனசோல் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மாத்திரை 150 மில்லிகிராம் சாப்பிட்டால் போதும், பக்க விளைவே கிடையாது என்று ஓர் அட்டையே வாங்கிக் கொடுத்துவிட்டார். அம்மா சாப்பிட்டுவரும் மாத்திரைகள் இவை: சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்தது, கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின், இரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால், காலையில் வெறும் வயிற்றில் பான்டோபுரசோல். புளூகோனசோலை இவற்றோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

---

மருந்தாளுநர்_கொங்கு எழுதியது:

அம்மா, அந்த அட்டையைத் தற்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். நகத்துக்கு வாரம் ஒரு புளூகோனசோல் கொடுக்கும் முறை இருப்பது உண்மைதான். ஆனால் அதைக் கால் நகத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தொடர வேண்டியிருக்கும், டெர்பினாஃபினைவிடப் பலனும் குறைவு. உங்கள் தாயாரைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய சிக்கல் கிளிமிபிரைடு. அந்த மருந்தைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியைப் புளூகோனசோல் தடுத்துவிடுவதால், அதே அளவு கிளிமிபிரைடு உடலில் அதிக நேரம், அதிக அளவில் தங்கி, சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளலாம். சர்க்கரை தாழ்ந்தால் வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மெட்டோபுரோலால் மறைத்துவிடக்கூடும். பெரும்பாலும் வியர்வைதான் எச்சரிக்கையாக மிஞ்சும். இரண்டும் ஒரே உடலில் சேர்வதை மருத்துவர் அறியாமல் நடக்க விடக்கூடாது.

நகப் பூஞ்சைக்குக் கொடுக்கும் மற்ற இரண்டு மாத்திரைகளான இட்ராகோனசோலுக்கும் டெர்பினாஃபினுக்கும் இதுபோன்ற கணக்கு உண்டு. இட்ராகோனசோல் எடுத்துக்கொண்டால் அடோர்வாஸ்டாட்டின் இரத்தத்தில் கூடி, தசை வலியும் தசைச் சிதைவும் வரக்கூடும். இதயம் பலவீனமானவர்களுக்கு நகத்துக்காக அதைக் கொடுப்பதே இல்லை. தவிரவும் இட்ராகோனசோல் கேப்சூல் உடலில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால் அதை உணவோடு கொடுக்கிறோம். பான்டோபுரசோல் அந்த அமிலத்தையே குறைத்துவிடுவதால், விலை கொடுத்து வாங்கிய மருந்தில் பெரும்பகுதி வீணாகும். "வாயு மாத்திரை" என்று பெயர் வைத்து, அதை மருந்துக் கணக்கிலேயே சேர்க்காமல் மருத்துவரிடம் சொல்லாமல் விடுபவர்கள் எங்கள் கடையில் மிக அதிகம். நீங்கள் அதையும் எழுதியது நல்லதாயிற்று.

டெர்பினாஃபின் இந்த மூன்றில் உங்கள் தாயாரின் மாத்திரைகளோடு குறைவாகவே மோதும். அதுவும் மெட்டோபுரோலாலின் அளவைக் கூட்டி நாடித்துடிப்பை மந்தமாக்கக்கூடும் என்பதால், வீட்டில் இரத்த அழுத்தக் கருவி இருந்தால் நாடி எண்ணிக்கையையும் குறித்து வாருங்கள். தொடங்குவதற்கு முன் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் தேவை. சிறுநீரகச் செயல்பாடு பெரிதும் குறைந்தவர்களுக்கு இந்த மாத்திரையைத் தவிர்ப்பார்கள். சிலருக்கு நாக்கில் சுவை மரத்துப்போகும். சமைப்பவருக்கு உப்பு, காரம் தெரியாமல் போவதுதான் முதல் அடையாளமாக இருக்கும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை போகும்போது எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், எழுதிய பட்டியலைவிட அதுவே மேல்.

---

காவிரிக்கரை_மகள் எழுதியது:

மருத்துவமனைக்குப் போய்வந்தோம். காலில் உணர்ச்சியும் நாடியும் பார்த்தார்கள், இரண்டும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். விரலிடுக்குக்கு ஸ்டீராய்டு கலக்காத கிளோட்ரிமசோல் களிம்பு கொடுத்தார்கள். பழைய களிம்பை நிறுத்திய முதல் வாரம் அரிப்பு கடுமையாக இருந்தது, இப்போது குறைகிறது. நகத்தைச் சுரண்டி எடுத்த சோதனையில் மட்டும் பூஞ்சை இல்லை என்று வந்துவிட்டது. அப்படியென்றால் இது நகச்சொத்தையே இல்லையா? மாத்திரை வேண்டாமா? அம்மாவுக்கு இதில் மகிழ்வதா வருந்துவதா என்றே தெரியவில்லை.

---

தோல்_மருத்துவர் எழுதியது:

ஒரு முறை இல்லை என்று வந்ததை வைத்து முடிவுக்கு வர இயலாது. நகத்தில் பூஞ்சை எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. பொடியை எடுத்த இடம் நுனிக்கு அருகில் இருந்தாலோ, எடுத்த பொடி குறைவாக இருந்தாலோ, பூஞ்சை இருந்தும் சோதனையில் தென்படாமல் போவது நடப்பதுதான். உங்கள் தாயார் தடவிவந்த கலவைக் களிம்பில் பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் இருந்திருக்கும். அது நகத்தின் மேலும் படிந்திருந்தால் முடிவைக் கெடுக்கப் போதுமானது. அந்தக் கலவைக் களிம்பை நிறுத்தி ஓரிரு வாரமாவது இடைவெளி விட்டபின் மறுபடி எடுப்பதே முறை.

அடுத்த முறை போகும்போது, சுரண்டிய பொடியோடு, வெட்டிய நகத் துணுக்கையும் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். நகத்தை மெல்லிய சீவல்களாக்கி பி.ஏ.எஸ். என்னும் சாயமேற்றிப் பார்த்தால் பூஞ்சை இழைகள் செந்நிறத்தில் எடுத்துக் காட்டும், கே.ஓ.எச். தவறவிட்டதை இது பல நேரம் பிடித்துவிடும். அதிலும் இல்லை என்று வந்தால், கை நகங்களில் ஊசி குத்தியதுபோன்ற சிறு குழிகள் உள்ளனவா, முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் வெள்ளைச் செதில் உதிர்கிறதா, விரல் மூட்டுகள் காலையில் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துச் சொரியாசிஸைத் தேட வேண்டும். அதற்கான மருத்துவம் முற்றிலும் வேறு. அங்கே சரியான ஸ்டீராய்டை மருத்துவரே எழுதித் தருவதும் உண்டு என்பதைச் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இந்த இழையைப் படிப்பவர்கள் ஸ்டீராய்டு என்றாலே நஞ்சு என்று எண்ணிவிடக் கூடாது.

மறுபரிசோதனை முடிவு வரும் வரை மாத்திரை வேண்டாம். சில வாரத் தாமதத்தால் இந்த நகத்துக்கு எதுவும் ஆகிவிடாது. இப்போது கொடுத்த கிளோட்ரிமசோல் களிம்பை விரலிடுக்கில் மட்டும், அரிப்பு நின்ற பிறகும் மருத்துவர் சொன்ன காலம் வரை தொடருங்கள். நகத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, நீரிழிவு உள்ளவர் என்பதால் முடிவுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். திருமண நாளுக்கு, செல்வி அவர்கள் சொன்னபடி நகத்தின் கனத்தைத் தோல் நோய்ப் பிரிவிலேயே குறைத்துத் தருவார்கள். ஆனால் மறுபரிசோதனைக்குத் துணுக்கு எடுத்த பிறகே அதைச் செய்துகொள்ளுங்கள், தேய்த்து எடுத்துவிட்டால் அனுப்புவதற்கு நகம் மிஞ்சாது.